ஏரியில் ஆற்று மீனை விடலாமா? கட்லா முதல் மஹ்சீர் வரை ஒரு விளக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலை. மீன் மார்க்கெட்டில் வஞ்சிரம் விலையைக் கேட்டுவிட்டு நகர்கிறீர்கள். பக்கத்துக் கடையில் "ஏரி மீன் சார், உயிரோட இருக்கு" என்று ஒரு குரல். தொட்டியில் பெரிய தலையோடு கட்லா, பக்கத்தில் ரோகு. ஒன்றரைக் கிலோ மீனை வெட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு வருகிறீர்கள். சென்னையோ பெங்களூருவோ புனேவோ, எந்த ஊரில் வேலை பார்த்தாலும் இந்தக் காட்சி பெரிதாக மாறாது.

அந்த மீனைப் பற்றி கடைக்காரர் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. அது ஏரியில் வளர்ந்த மீன்தான், ஆனால் ஏரி மீன் இல்லை. கட்லா, ரோகு, மிருகால் மூன்றுமே ஆற்று மீன்கள். கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து ஆற்று அமைப்புகள்தான் அவற்றின் பூர்வீகம். ஏரியில் நன்றாகச் சாப்பிடும், கொழுக்கும், கிலோக் கணக்கில் வளரும். ஆனால் ஓட்டமில்லாத தண்ணீரில் அவை இனப்பெருக்கம் செய்வதில்லை. அதனால்தான் ஒவ்வொரு வருஷமும் யாரோ ஒருவர் குஞ்சு வாங்கிவந்து ஏரியில் விட வேண்டியிருக்கிறது.

இப்படி ஆற்று மீனை ஏரியிலும் அணையிலும் விடுவது சரியா? நாட்டின் மலிவான புரதத்தில் ஒரு பெரும்பங்கு இந்த ஏற்பாட்டை நம்பித்தான் இருக்கிறது. இதே ஏற்பாடுதான் சில இடங்களில் அங்கே காலங்காலமாக இருந்த மீன்களை ஓரங்கட்டியும் இருக்கிறது. இரண்டையும் பார்க்கலாம்.

ஆற்று மீன், ஏரி மீன்: என்ன வித்தியாசம்?

முதலில் தண்ணீரின் வித்தியாசம். ஓடும் ஆற்றில் தண்ணீர் கல்லிலும் மணலிலும் மோதிப் புரளும்போது காற்றில் இருந்து ஆக்சிஜன் கலந்துகொண்டே இருக்கும். தேங்கிய ஏரியில் பகலில் பாசியும் நீர்த்தாவரங்களும் ஆக்சிஜனை உண்டாக்கும். இரவில் அவையே அதைச் சுவாசித்துத் தீர்க்கும். அதனால் விடியற்காலையில்தான் ஏரியில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். கோடையில் தண்ணீர் சூடாகும்போது நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் கரைவதே குறைவு. காலை வாக்கிங் போகும்போது ஏரியில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது விளையாட்டு இல்லை, மூச்சுத் திணறல்.

நம் குளங்களின் பூர்வீக மீன்கள் இதற்குத் தயாரானவை. விரால், தேளி, பனையேறிக் கெண்டை எல்லாம் தண்ணீருக்கு மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கக் கூடியவை. குளம் சேறாக வற்றினாலும் சில நாள் தாக்குப்பிடிக்கும். விரால் தேங்கிய தண்ணீரிலேயே செடிகளுக்கு நடுவில் கூடு மாதிரி இடம் ஒதுக்கி முட்டையிட்டு, குஞ்சுகளுக்குக் காவலும் இருக்கும்.

கட்லா, ரோகு கதை வேறு. மழைக்காலத்தில் ஆற்றில் புது வெள்ளம் வரும்போது, கரையோரத் தாழ்வான இடங்களில் அவை முட்டையிடும். அந்த முட்டைகள் எதிலும் ஒட்டாது. நீரோட்டம்தான் அவற்றை மிதக்கவைத்துத் தாங்கிப் பிடிக்கிறது. சுமார் 15 முதல் 18 மணி நேரத்தில் குஞ்சு வெளிவந்துவிடும். பிறகு அந்தக் குஞ்சுகள் வெள்ளம் விட்டுப்போன தேங்கல்களில், அதாவது ஆற்றோர ஏரிகளில், சாப்பிட்டு வளரும்.

கவனியுங்கள், இதில்தான் விஷயம் இருக்கிறது. கட்லாவுக்கும் ரோகுவுக்கும் தேங்கிய தண்ணீர் அந்நியமானது இல்லை. அவற்றின் வாழ்க்கையில் 'வளரும் பருவம்' தேங்கலில், 'பெருகும் பருவம்' ஓட்டத்தில். அதனால் ஏரியில் விட்டால் பாதி வாழ்க்கை சரியாக நடக்கும். மீதிப் பாதி நடக்காது. சினை உருவாகும், ஆனால் வெள்ளத்தின் தூண்டுதல் வராததால் முட்டை வெளிவராமலே உடலுக்குள் கரைந்துபோகும்.

மஹ்சீர் மாதிரியான மீன்களுக்கு இந்தச் சலுகையும் கிடையாது. குளிர்ந்த, தெளிந்த, ஆக்சிஜன் நிறைந்த ஓட்டமும் முட்டையிட சரளைக்கல் படுகையும் அவற்றுக்கு வேண்டும். ஆக, 'ஆற்று மீன்' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்ட முடியாது.

அப்படின்னா ஏரிக்கு இவ்வளவு குஞ்சு எங்கிருந்து வருகிறது?

1950கள் வரை ஆற்றிலிருந்துதான். மழைக்காலத்தில் கங்கையிலும் பிரம்மபுத்திராவிலும் நுண்ணிய வலை கட்டி, வெள்ளத்தோடு வரும் மீன் குஞ்சுகளைப் பிடிப்பார்கள். மண் பானைகளில் ஊற்றி ரயிலில் ஏற்றி நாட்டின் பல பகுதிகளுக்கும் அனுப்புவார்கள். வழியில் செத்தது போக மீதிதான் குளத்துக்கு. அதிலும் எது கட்லா, எது வேண்டாத மீன் என்று குஞ்சுப் பருவத்தில் பிரிப்பது கஷ்டம்.

1957 ஜூலை 10 அன்று இது மாறியது. விஞ்ஞானிகள் ஹீராலால் சவுத்ரியும் கே. எச். அலிகுன்ஹியும் ஒடிசாவில் கெண்டை மீன்களின் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை இன்னொரு கெண்டைக்கு ஊசியாகப் போட்டு, தேங்கிய நீரிலேயே முட்டையிட வைத்தார்கள். வெள்ளம் தரவேண்டிய தூண்டுதலை ஊசி தந்தது. ஜூலை 10 இன்று தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடப்படுவதற்குக் காரணம் இதுதான்.

பின்னாளில் செயற்கை ஹார்மோன் ஊசிகள் வந்தன. சீனப் பாணி வட்டத் தொட்டிகள் வந்தன. இன்று எந்த மீன்குஞ்சுப் பண்ணைக்குப் போனாலும் வட்டமான ஒரு சிமெண்ட் தொட்டியில் தண்ணீர் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அது வேறொன்றும் இல்லை, ஆற்றின் நகல். ஓட்டம் இருந்தால்தான் முட்டை மிதக்கும், மிதந்தால்தான் பொரிக்கும்.

2022-23ல் இந்தியாவின் மொத்த மீன் உற்பத்தி சுமார் 175 லட்சம் டன். அதில் சுமார் 131 லட்சம் டன் உள்நாட்டு நீர்நிலைகளில் இருந்து வந்தது. கட்லா, ரோகு, மிருகால் மூன்றும்தான் உள்நாட்டு மீன் வளர்ப்பின் முதுகெலும்பு. ஆகவே 'ஆற்று மீனை ஏரியில் விடவே கூடாது' என்று யாராவது ஒரே வரியில் சொன்னால், அவர் இந்தியர்களின் சாப்பாட்டுத் தட்டைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

விடுவதால் நிஜமாகவே லாபம் இருக்கிறதா?

இருக்கிறது, சரியாகச் செய்தால். இந்தியாவில் நீர்த்தேக்கங்களின் பரப்பு மட்டும் சுமார் 31.5 லட்சம் ஹெக்டேர். 1,000 ஹெக்டேருக்குக் குறைவானவை சிறியவை, 5,000க்கு மேல் பெரியவை என்று வகைப்படுத்துகிறார்கள். 1995ல் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு வெளியிட்ட வி. வி. சுகுணனின் ஆய்வுப்படி, அந்தக் காலத்தில் சிறிய நீர்த்தேக்கங்களில் ஹெக்டேருக்கு வருஷம் சராசரியாக 50 கிலோ மீன் கிடைத்தது. பெரியவற்றில் 11 கிலோதான். நன்றாகப் பராமரிக்கும் மீன் குளங்களில் இது டன் கணக்கில் போகும் என்பதோடு ஒப்பிட்டால் எவ்வளவு குறைவு என்று புரியும்.

ஏன் குறைவு? ஆற்றை மறித்து அணை கட்டினால் ஆற்று மீன்களில் பல தாக்குப்பிடிக்காது. புதிதாக உருவான ஏரியில் மிதவை உயிரிகள், அடிமட்டக் கழிவு, பாசி என்று உணவு கொட்டிக் கிடக்கும். ஆனால் அதைச் சாப்பிட்டுப் பெரிதாக வளரும் மீன் அங்கே இருக்காது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் கட்லா, ரோகு, மிருகால். கட்லா மேல்மட்டத்தில் மிதவை உயிரிகளைச் சாப்பிடும், ரோகு நடுமட்டத்தில், மிருகால் அடிமட்டத்தில். ஒன்றின் சாப்பாட்டில் இன்னொன்று அதிகம் கை வைக்காது.

பொள்ளாச்சி பக்கத்து ஆழியாறு அணை இதற்குப் பாடப்புத்தக உதாரணம். மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிகாட்டலில் அங்கே ஹெக்டேருக்கு 353 குஞ்சுகள் என்ற கணக்கில் இருப்பு செய்தபோது, விளைச்சல் ஹெக்டேருக்கு 194 கிலோ வரை போனது. சிறிய நீர்த்தேக்கங்களின் சராசரியைப்போல கிட்டத்தட்ட நாலு மடங்கு. பக்கத்தில் இருக்கும் திருமூர்த்தி அணையிலும் 182 கிலோ கிடைத்தது.

இதில் ரகசியம் எதுவும் இல்லை. விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்த குஞ்சுகளை மட்டும் விட்டார்கள். சின்னக் குஞ்சுகளை விட்டால் விராலுக்கும் வாளைக்கும் தீனி போட்ட கணக்குதான். மீன் ஓரளவு வளரும் வரை பிடிக்காமல் விட்டார்கள், வலைக் கண்ணின் அளவைக் கட்டுப்படுத்தினார்கள். அணை மீனவர்களுக்கு இது வருஷம் முழுக்க வேலை, நிச்சயமான வருமானம். சுற்றுவட்டார ஊர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் மீன்.

சரி, பிரச்சினை எங்கே?

மூன்று இடங்களில். விடப்படும் மீனுக்கு, ஏற்கெனவே அங்கே இருக்கும் மீனுக்கு, ஏரிக்குக் கீழே இருக்கும் ஆற்றுக்கு.

முதலில் விடப்படும் மீன். ஓட்டத்துக்கே பழகிய இனங்களை ஏரியில் விடுவது பற்றி பிரிட்டனில் தூண்டில்காரர்கள் மத்தியில் பெரிய விவாதம் உண்டு. அங்கே பார்பெல் என்ற ஆற்று மீனைக் கட்டண ஏரிகளில் விடுகிறார்கள், காசு கட்டி வருபவர்களுக்குத் தூண்டிலில் போராடும் மீன் வேண்டும் என்பதற்காக. "வேகமான ஓட்டத்துக்காகப் படைக்கப்பட்ட உடம்பைக் குட்டையில் போடுவது அநியாயம், கோடையில் அவை தவிக்கும்" என்பது எதிர்த்தரப்பு. "நன்றாகத்தானே வளர்கிறது" என்பது ஆதரவுத் தரப்பு. உணவுக்காக என்று சொல்லவே முடியாத அந்த விவாதத்தில் கேள்வி சுலபம்: பொழுதுபோக்குக்காக ஒரு மீனை அதற்கு ஒவ்வாத இடத்தில் வைக்கலாமா? நம் ஊரில் மஹ்சீரை அலங்கார ஏரிகளில் விடலாம் என்று யோசனை சொல்பவர்களும் இதே கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மற்ற இரண்டு பிரச்சினைகளும் இதைவிடப் பெரியவை. அவற்றை நடந்த கதைகள் வழியாகப் பார்ப்பதுதான் சுலபம்.

கோவிந்த் சாகர்: தப்பி வந்த மீன், கைப்பற்றிய அணை

இமாச்சலப் பிரதேசத்தில் சட்லெஜ் ஆற்றின் குறுக்கே கட்டிய பக்ரா அணையின் நீர்த்தேக்கம்தான் கோவிந்த் சாகர். அங்கே கட்லாவும் மஹ்சீரும் பிடிபட்டுக்கொண்டிருந்தன. 1971ல் ஒரு பண்ணையிலிருந்து வெள்ளிக் கெண்டைகள் தற்செயலாக நீர்த்தேக்கத்துக்குள் வந்துவிட்டன. வெள்ளிக் கெண்டை சீனாவின் பெரிய ஆறுகளைச் சேர்ந்த மீன். கட்லா போலவே அதற்கும் முட்டையிட ஓடும் ஆறு வேண்டும்.

'ஏரியில்தான் குஞ்சு பொரிக்காதே, என்ன ஆகிவிடும்?' என்று தோன்றலாம். ஆனால் கோவிந்த் சாகருக்கு மேலே சட்லெஜ் ஓடுகிறது. கீழே தேங்கலில் சாப்பாடு, மேலே ஓட்டத்தில் பிரசவ வார்டு. வெள்ளிக் கெண்டைக்கு இரண்டும் கிடைத்தது. சில வருஷங்களில் மொத்த மீன்பிடிப்பில் பெரும்பங்கு அதனுடையதானது. அதே மிதவை உயிரிகளை நம்பியிருந்த கட்லா சரிந்தது. மஹ்சீரின் பங்கும் குறைந்தது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மொத்த உற்பத்தி கூடியது. மீனவர்களுக்கு எடை அதிகம் கிடைத்தது. ஆனால் வெள்ளிக் கெண்டைக்கு மார்க்கெட்டில் மதிப்பு குறைவு, சீக்கிரம் கெட்டுப்போகும். ஆக, 'உற்பத்தி கூடிவிட்டது' என்ற ஒற்றை எண்ணை மட்டும் பார்த்தால் கோவிந்த் சாகர் ஒரு வெற்றிக் கதை. என்ன மீன், என்ன விலை, எந்த மீன் போச்சு என்று கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது.

'ஏரியில் பெருகாது' என்ற உத்தரவாதம், மேலே ஆறு இல்லாத ஏரிக்கு மட்டும்தான். தென்னிந்திய அணைகளில் விட்ட கட்லாகூட, மேலே ஓட்டம் இருக்கும் இடங்களில் தானாகவே பெருகிய பதிவுகள் உண்டு.

காவிரி: காப்பாற்றப் போய் கைவிட்ட கதை

கோவிந்த் சாகர் விபத்து. காவிரியில் நடந்தது திட்டமிட்டு, நல்ல எண்ணத்தோடு செய்தது.

காவிரியின் கூன்முதுகு மஹ்சீர் உலகின் மிகப்பெரிய மஹ்சீர் இனங்களில் ஒன்று. 1946ல் கபினி ஆற்றில் ஜே. டி வெட் வான் இங்கன் என்பவர் தூண்டிலில் பிடித்த மஹ்சீரின் எடை 120 பவுண்ட், கிட்டத்தட்ட 54 கிலோ. அணைகள், மணல் அள்ளுதல், வெடி வைத்து மீன் பிடித்தல் என்று பல காரணங்களால் மஹ்சீர் குறைய ஆரம்பித்ததும், 'குஞ்சு பொரித்து ஆற்றில் விடுவோம்' என்ற யோசனை வந்தது.

மகாராஷ்டிராவின் லோனாவாலாவில் உள்ள பண்ணையில் 1970களில் இருந்தே மஹ்சீர் குஞ்சுகள் செயற்கையாகப் பொரிக்கப்படுகின்றன. அங்கே பொரித்தது நீலத்துடுப்பு மஹ்சீர். அது கிருஷ்ணா ஆற்றுப்படுகையைச் சேர்ந்த இனம். அந்தக் குஞ்சுகள் நாட்டின் பல நீர்நிலைகளுக்குப் போயின, காவிரிக்கும் வந்தன. மஹ்சீர்னா மஹ்சீர்தானே என்றுதான் அப்போது நினைத்தார்கள். கூன்முதுகு மஹ்சீருக்கு அன்று முறையான அறிவியல் பெயர்கூட உறுதியாகவில்லை.

பிறகு என்ன ஆனது என்று நமக்குத் தெரியவந்தது தூண்டில்காரர்களின் நோட்டுப் புத்தகங்களால். கர்நாடகக் காவிரிக் கரையில் இருந்த தூண்டில் முகாம்களில் 1998 முதல் 2012 வரை பிடித்து, எடை போட்டு, திரும்ப ஆற்றில் விட்ட மீன்களின் கணக்கை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். நீலத்துடுப்பு மஹ்சீர் எண்ணிக்கை வேகமாக ஏறியிருந்தது. கூன்முதுகு சரிந்திருந்தது. அதிலும் கூன்முதுகில் பெரிய மீன்கள் மட்டும் அவ்வப்போது மாட்டின. குட்டிகள் வரவில்லை. ஒரு ஊரில் தாத்தா பாட்டி மட்டும் இருந்து குழந்தைகளே இல்லையென்றால் அந்த ஊரின் எதிர்காலம் என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

2018ல் 'பிளாஸ் ஒன்' ஆய்விதழில் வந்த கட்டுரைதான் கூன்முதுகு மஹ்சீரும், 2007ல் கேரளத்தின் பாம்பாற்றில் இருந்து விவரிக்கப்பட்ட 'டோர் ரெமாதேவி' என்ற இனமும் ஒன்றே என்று நிறுவியது. அதே ஆண்டு ஐயுசிஎன் சிவப்புப் பட்டியலில் அது 'மிக அருகிய' இனமாகச் சேர்க்கப்பட்டது. அழிவுக்கு முந்தைய கடைசிப் படி அது. முன்பு அருகிய இனமாக இருந்த நீலத்துடுப்பு மஹ்சீரோ, அபாயம் குறைந்த பட்டியலுக்கு மாறியது. ஒரு இனத்தைக் காப்பாற்றும் வேலை வெற்றி பெற்றது, ஆனால் இன்னொரு இனத்தின் வீட்டில்.

ஏரி விஷயத்தில் இதில் என்ன பாடம்? கேட்க வேண்டியது 'ஆற்று மீனா, ஏரி மீனா' என்பது மட்டும் இல்லை. 'எந்த ஆற்றின் மீன்?' என்பதும்தான். ஏரி நிரம்பிக் கலிங்கு வழியும்போது தண்ணீர் மட்டும் வழிவதில்லை, மீனும் வழிகிறது. இன்று ஏரியில் விடுவது நாளை ஆற்றில் இருக்கும்.

லோக்டாக்: ஆறும் ஏரியும் பிரிந்தால்

மணிப்பூரின் லோக்டாக் ஏரிக் கதை இதற்கு நேர்த் திருப்பம். அங்கே பெங்பா என்ற மீன், மாநில மீன். மியான்மரின் சிந்த்வின் ஆற்று அமைப்பிலிருந்து மேலேறி வந்து லோக்டாக்கில் தங்கி வளரும். யாரும் கொண்டுவந்து விடவில்லை. ஆறும் ஏரியும் சேர்ந்ததுதான் அதன் வீடு. 1983ல் இத்தாய் தடுப்பணை செயல்பாட்டுக்கு வந்ததும் அந்த வழி அடைபட்டது. பெங்பா லோக்டாக்கில் இருந்து கிட்டத்தட்ட மறைந்தே போனது.

இன்று பெங்பாவைப் பண்ணைகளில் செயற்கையாகப் பொரித்துக் குளங்களில் வளர்க்கிறார்கள். மணிப்பூர்க்காரர்களுக்குத் தங்கள் மீன் மீண்டும் தட்டில் கிடைக்கிறது. அது நல்ல விஷயம்தான். ஆனால் தேங்கிய குளத்தில் பெங்பா இருப்பதும், லோக்டாக்குக்கு அது தானாக ஏறி வருவதும் ஒன்றில்லை. குஞ்சு விடுவது மீனைத் திருப்பித் தரும், வழியைத் திருப்பித் தராது.

மேட்டூருக்கும் இது பொருந்தும். 1934ல் ஸ்டான்லி நீர்த்தேக்கம் வந்த பிறகு காவிரியின் பூர்வீகக் கெண்டைகள் சில சரிந்ததற்குக் கட்லாவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. ஓடும் ஆற்றை ஏரியாக மாற்றியது அணை. அதன் பிறகுதான் 'இந்த ஏரியில் எந்த மீனை விடுவது' என்ற கேள்வியே வந்தது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகள்

கலப்பு: குஞ்சுப் பண்ணையில் ஒரே தொட்டியில் கட்லாவையும் ரோகுவையும் சேர்த்து முட்டையிட வைத்தால் கலப்பினக் குஞ்சுகள் வரும். பார்க்க வித்தியாசம் தெரியாது. இவை வெள்ளத்தில் ஆற்றுக்குப் போனால் அங்கிருக்கும் தூய இனத்தோடும் கலக்கும். ஒரே சில தாய் மீன்களை வருஷக்கணக்கில் பயன்படுத்தும் பண்ணைகளில் நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் நடந்து, குஞ்சுகள் வளர்ச்சி குன்றிப்போகும்.

நோய்: குஞ்சோடு சேர்ந்து மீன் பேன் போன்ற ஒட்டுண்ணிகளும் வரலாம். பண்ணையில் மருந்து போட்டுச் சமாளிக்கலாம். 200 ஏக்கர் ஏரியில் யார் மருந்து போடுவது?

தொட்டி மீன்: ஃபிளாட் மாறும்போது வீட்டு மீன்தொட்டியில் இருக்கும் 'டேங்க் கிளீனர்' மீனை ஏரியில் விட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. சக்கர் மீன் எனப்படும் அது தென் அமெரிக்க ஆறுகளின் மீன். இந்தியாவின் பல நகர ஏரிகளில் இன்று அது வலையைக் கிழிக்கும் முள்ளோடு பெருகிக் கிடக்கிறது. கரையில் வளை தோண்டி, அங்கேயே முட்டையிட்டுப் பெருகும். 'ஆற்று மீன் ஏரியில் பெருகாது' என்ற விதி எல்லா மீனுக்கும் பொருந்தாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

கூண்டு: ஹோட்டலில் 'பாசா' என்ற பெயரில் சாப்பிடும் மீன் மெகாங் ஆற்றுக் கெளுத்தி வகை. இப்போது பல நீர்த்தேக்கங்களில் மிதவைக் கூண்டுகளில் வளர்க்கிறார்கள். கூண்டு இருக்கும் வரை கணக்கு சரி. வலை கிழிந்தால் அது இருப்பு செய்த மீன் ஆகிவிடும், யாரும் முடிவெடுக்காமலே.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியல் சாசனப்படி மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. எந்த ஏரியில் எந்த மீன், யாருக்குக் குத்தகை என்பதெல்லாம் மாநில மீன்வளத் துறையின் கையில். வெளிநாட்டு மீன் என்றால் மத்திய அரசின் அனுமதி, கட்டுப்பாடு என்று படிகள் உண்டு. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்புக்குத் தடையே இருக்கிறது.

ஆனால் கங்கை மீன் காவிரிக்கு வருவதோ, கிருஷ்ணா மீன் காவிரிக்கு வருவதோ 'வெளிநாட்டு' கணக்கில் வராது. பாஸ்போர்ட் பார்த்தால் இரண்டும் இந்திய மீன்தான். மீனுக்கோ நாட்டு எல்லை தெரியாது, அதன் எல்லை ஆற்றுப்படுகை. காவிரி மஹ்சீர் விழுந்த ஓட்டை இதுதான்.

2020ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் நீர்த்தேக்க மீன் வளர்ப்புக்கும், ஆறுகளில் குஞ்சு விடுவதற்கும் நிதி உண்டு. கங்கையில் பிடித்த தாய் மீன்களின் குஞ்சுகளைக் கங்கையிலேயே விடும் வேலையை மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் செய்துவருகிறது. 'எந்த ஆற்றில் எடுத்தாயோ அந்த ஆற்றிலேயே விடு' என்பது சரியான திசை. ஏரிகளுக்கும் அதே கொள்கை வந்தால் நல்லது.

நம்ம ஏரியில் விடலாமா?

கம்பெனி சிஎஸ்ஆர் நிகழ்ச்சியாக ஏரியைத் தூர்வாரி, கடைசி நாளில் 'ஆயிரம் மீன் குஞ்சு விடும் விழா' வைப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. குடியிருப்போர் சங்கங்களும் செய்கின்றன. போட்டோ நன்றாக வரும். பை திறக்கும் முன் இவற்றைக் கேட்டுவிடுங்கள்:

• ஏரி வற்றுமா? கோடையில் முழுக்க வற்றி, மீன் எல்லாம் பிடிக்கப்படும் கண்மாய் என்றால் கட்லா, ரோகு விடுவதில் ஆபத்து குறைவு. வருஷம் முழுக்கத் தண்ணீர் இருக்கும் இயற்கை ஏரி என்றால் யோசிக்க வேண்டும்.

• மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது? மேலே ஓடும் ஆறு இருந்தால் விட்ட மீன் பெருகலாம். கலிங்குத் தண்ணீர் எந்த ஆற்றுக்குப் போகிறது என்று பாருங்கள்.

• இப்போது என்ன மீன் இருக்கிறது? உள்ளூர் மீனவரைக் கேட்டாலே பாதி கணக்கெடுப்பு முடிந்துவிடும். விரால், கெளுத்தி, அயிரை, ஆரால் நன்றாக இருக்கும் ஏரிக்கு வெளி மீனே தேவையில்லை.

• விட்டபின் யார் பிடிப்பார்கள்? கட்லா, ரோகு விடுவதன் நியாயமே சாப்பாடும் வருமானமும். பிடிக்க ஆள் இல்லாத, கழிவுநீர் கலக்கும் நகர ஏரியில் விட்டால் ஒரு கோடை விடியலில் மொத்தமாகச் செத்து மிதக்கும்.

• யாரைக் கேட்டீர்கள்? மீன்வளத் துறையின் அனுமதி இல்லாமலும், குத்தகை எடுத்த மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொல்லாமலும் விடக் கூடாது.

இந்தப் பட்டியலில் மஹ்சீர் வரவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஓட்டத்தையே நம்பி வாழும் மீனை ஏரியில் விட எந்த நியாயமும் இல்லை. உணவுக்கும் அது தேவையில்லை, பாதுகாப்புக்கும் உதவாது.

ஆக, பதில் என்ன?

மனிதர் கட்டிய அணையிலும் வற்றும் கண்மாயிலும் கட்லா, ரோகு விடுவது நியாயமானது. அங்கே அது பலரின் சாப்பாடு, சிலரின் பிழைப்பு. பூர்வீக மீன் இருக்கும் இயற்கை ஏரியிலும், அருகிய இனம் வாழும் ஆற்றோடு இணைந்த நீர்நிலையிலும் வேற்று ஆற்று மீனை விடுவது தவறு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஆயிரக்கணக்கான ஏரிகளுக்குப் பொதுவான பதில் கிடையாது, ஏரிக்கு ஏரி பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். விட்ட மீன் பிடிக்கவில்லை என்றால் மரத்தைப் போல வெட்டி எடுத்துவிட முடியாது. 1971ல் கோவிந்த் சாகருக்குள் நுழைந்த வெள்ளிக் கெண்டையை இன்றுவரை யாரும் வெளியே அனுப்பவில்லை.